கடலுக்கு ஒரு சுற்று

சிலுவையம்மாள் மருமகளின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். ராயபுரத்தில் அந்தத் தெருவுக்கு அன்று காலை இதைவிடப் பெரிய செய்தி வேறு இல்லை.

ஏற்றுமதி கம்பெனித் தையல் வேலையை உதறிவிட்டு ஜானட் ஆட்டோ வாங்கிய நாளிலிருந்து மாமியார் அந்த வண்டியின் நிழலில்கூட நின்றதில்லை. வீட்டுக்கு வந்த பெண் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துப் போவதையெல்லாம் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டுமா என்று அந்தோணியாரிடமே கேட்டுவிட்டாள். அந்தோணியார் பதில் சொல்லவில்லை. மாமனார் அருள்பிரகாசம்தான் நடுவில் புகுந்து ஓர் உடன்படிக்கை செய்துவைத்தார்.

ஜானட்டின் கணவன் சாவியோ சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். அவன் ஊர் திரும்பும் வரை அவள் வண்டி ஓட்டலாம். அதுவரை அவன் காதுக்கு விஷயம் போகக் கூடாது. கடலில் இருப்பவனுக்கு வீண் கவலை எதற்கு? ஆனால் அதற்குள் வண்டி ஒரே ஒரு தடவை நடுரோட்டில் நின்றாலும் விற்றுவிட வேண்டும். இந்தக் கடைசி ஷரத்து சிலுவையம்மாள் சேர்த்தது. ஜானட் நெற்றியில் சிலுவை போட்டுச் சம்மதித்தாள். அன்றிலிருந்து வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

எண்ணூரில் இருக்கும் தங்கைக்கு சிலுவையம்மாள் மீன் குழம்பு வைத்திருந்தாள். பஸ்ஸுக்காக நின்று நின்று கால் கடுத்துப்போய், தூக்குவாளியோடு திரும்பி வந்தவள், நேராக ஆட்டோவில் ஏறினாள். ஏறியவள் ஊறுகாயை மறந்துவிட்டது நினைவு வந்து மறுபடி இறங்கினாள். தங்கைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்றால் பாட்டில் திறக்கவில்லை. வழக்கம்போல் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஒரே திருகில் திறந்தார். எடுத்து முடித்ததும் தானே மூடியும் வைத்தார்.

அந்த வீட்டில் இது அன்றாடம் நடப்பது. அருள்பிரகாசம் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் தளத்தில் அடுக்கிய கன்டெய்னர்கள் அலையில் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டுக் கட்டி, திருகை நெம்பி நெம்பி இறுக்கும் வேலை அது. போதும் இறுகிவிட்டது என்று கை சொன்ன பிறகும் அவர்கள் கூட்டத்தில் இன்னொரு சுற்று கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ‘கடலுக்கு ஒரு சுத்து’. கரையில் நிற்கிறவன் கணக்கு வேறு, கடலின் கணக்கு வேறு என்பார் அருள்பிரகாசம். அவர் கட்டிவிட்ட கப்பலிலிருந்து ஒரு பெட்டிகூடக் கடலில் விழுந்ததில்லை என்பது அவருக்கு இன்றைக்கும் பெருமை. அந்தப் பெருமையின் விலையை வீட்டிலிருக்கும் குழாய்களும் ஊறுகாய் பாட்டில்களும் கொடுத்துக்கொண்டிருந்தன.

வண்டி கிளம்பியது. காசிமேடு தாண்டும் வரை சிலுவையம்மாள் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திருவொற்றியூர் வந்தபோது ஒரு கையை எடுத்தாள். இரண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஜானட் பதறாமல் புகுந்து வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, ஓட்டுற” என்று வெளியே பார்த்தபடி சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வாயிலிருந்து ஜானட் கேட்ட முதல் பாராட்டு இதுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எர்ணாவூர் தாண்டியதும் பின்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து புஸ் புஸ்ஸென்று நாலு மூச்சு. வண்டி நின்றுவிட்டது.

ஜானட் இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தாள். எஞ்சினுக்குள் திருகி நிற்க வேண்டிய ஸ்பார்க் பிளக், ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த துளையில் வெறும் இருட்டு. பிளக்கைத் திரும்பச் செருகித் திருகிப் பார்த்தாள். அது பிடிக்காமல் வழுக்கிச் சுற்றியது. துளைக்குள்ளே பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் மரை முழுக்க உரிந்துபோயிருந்தது.

மாமியார் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சிலுவையம்மாள் திட்டவில்லை. தூக்குவாளியோடு இறங்கி ஓரமாக நின்று, பழைய வண்டி வாங்கி விற்கும் ஜெயவேலுக்குப் போன் போட்டாள். சாயந்தரம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்க்கும்படி சொன்னாள். பிறகு எதிர்ப்பக்கம் ராயபுரத்துக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

“ஓடாத வண்டிய யாரும் வாங்க மாட்டான். ரிப்பேர் பண்ணி எட்த்துகினு வா. வாக்கு வாக்குதான்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

ஜானட் தனியாக நின்றாள். கன்டெய்னர் லாரிகள் புழுதியை அவள் மேல் கொட்டிவிட்டுப் போயின. அந்த வண்டியில்தான் அவள் முதல் தடவையாக யார் முகத்தையும் பார்க்காமல் தன் நாளைத் தானே ஓட்டினாள். காலையில் சாவியைத் திருப்பும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். சாயந்தரம் அது போய்விடும்.

பக்கத்தில் இருந்த பட்டறைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே தூக்கிப் போட்டுப் புதிது மாட்ட வேண்டும் என்றான். வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு கடை தள்ளி இன்னொருவன் ரொம்ப இனிமையாகப் பேசினான். பிளக்கைச் சுற்றிப் பசை பூசி உட்கார வைத்துவிடுவானாம், இரண்டு நாள் தாராளமாக ஓடுமாம், அதற்குள் விற்றுவிட்டால் பிறகு அது வாங்கியவன் தலைவலியாம். ஜானட்டுக்கு முதலாமவனைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இந்த இனிமையை முடியவில்லை.

தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் பின்னால் வந்து, தன் வண்டியில் இருந்தபடியே காலால் முட்டுக் கொடுத்துத் திருவொற்றியூர் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார். வழியெல்லாம் அவள் மனதில் ஒரே ஒரு பெயர்தான் ஓடியது. கடைசியாக அந்தப் பிளக்கை மாற்றிப் போட்டது யார்? சுஃபியான் பாய். அவள் நம்பி வண்டியை விடும் ஒரே மெக்கானிக். அவருடைய கை வழுக்கியதால்தான் தன் வண்டி போகப்போகிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

திருவொற்றியூர் ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அதை ஒட்டிய அவர் பட்டறை வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிட்டாள். கை சுத்தமில்லாதவர், ஊரை ஏமாற்றுகிறவர் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். சுஃபியான் பாய் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குனிந்து அந்தத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தார். பிளக்கை ஒரு காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

“இத தொலச்சிடாத, தங்கச்சி. இந்த மரைய நான் கெடுத்தேனா இல்லையான்னு நானே சொல்லிக்கினா நல்லா இருக்காது. வியாசர்பாடில கார்குழலின்னு ஒரு பொண்ணு. அதாண்ட காட்டு. என் தப்பா இருந்தா மூஞ்சிக்கி நேரா சொல்லிடும்.”

நீங்களே சரி பண்ணக் கூடாதா என்று ஜானட் எரிச்சலோடு கேட்டாள். அந்த மரை வெட்டுகிற சாமான் தன்னிடம் இல்லை, இருக்கிற மாதிரி வேஷம் போடவும் தெரியாது என்றார். தன் பைக்கை எடுத்து, அவள் வண்டியின் பின்னால் காலை முட்டுக் கொடுத்து, வியாசர்பாடி வரை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். வந்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். திட்டு வாங்கின மனுஷன் இப்படிச் செய்வானா என்று ஜானட்டுக்குள் முதல் சந்தேகம் தட்டியது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பை ஒட்டிய அந்தப் பட்டறையில் அவள் முதலில் கவனித்தது ஆளை அல்ல, ஆள் இல்லாததை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் வண்டிக்காரன் மெக்கானிக்கின் தலைமாட்டிலேயே நிற்பான். எதைக் கழற்றுகிறான், எதை மாற்றுகிறான் என்று கழுகுக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பான். இங்கே நாலைந்து ஆட்டோக்கள் திறந்து கிடந்தன. சாவிகள் சுவரில் ஆணியில் தொங்கின. ஒரு வண்டிக்காரனையும் காணவில்லை. எல்லாரும் விட்டுவிட்டு வேறு வேலையாகப் போயிருந்தார்கள். சுவரில் நீலக் கோட்டுப் போட்ட அம்பேத்கர் படம், அதன் கீழே ஒரு ஜோடி பழைய பாக்ஸிங் கிளவுஸ்.

கிளவுஸின் சொந்தக்காரி ஆட்டோவுக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தாள். ஐ.டி.ஐ. படித்து, கம்பெனியில் பயிற்சி முடித்து, அங்கேயே வேலை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொந்தத் தெருவில் பட்டறை போட்டவள் கார்குழலி. அடக்கமாகப் பேசுகிற வழக்கம் அவளிடம் இல்லை. இந்த வேலையை மெட்ராஸில் தன்னைவிட நன்றாகச் செய்கிறவர் யாராவது இருந்தால் ஜானட் தாராளமாக அங்கே போகலாம் என்று முதலிலேயே சொன்னாள். திமிராகத் தோன்றவில்லை. தோசை நன்றாக வார்க்கத் தெரிந்தவள் அதைச் சொல்லிக்கொள்வது மாதிரிதான் இருந்தது.

ஜானட் காகிதத்தைப் பிரித்துப் பிளக்கைக் கொடுத்தாள். கார்குழலி அதை வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“சுஃபியான் பாய் பேர்ல தப்பு இல்லக்கா. தோ பாரு, வாஷர் காகிதம் மாதிரி தட்டையா நசுங்கிகீது. ஒரே நாள்ல இப்டி ஆவாது. யாரோ ஸ்பேனர்ல பைப் மாட்டி, தினிக்கும் இறுக்கினு இருந்துகீறாங்க. அதுவும் இன்ஜின் சூடா இருக்க சொல்ல.”

பிளக்கின் மூலைகள் மழுங்கியிருப்பதையும் வரிகளில் வெள்ளைச் சுருளாக அலுமினியம் சிக்கியிருப்பதையும் அவள் காட்டக் காட்ட, ஜானட்டுக்கு வீட்டுச் சாயந்தரங்கள் நினைவுக்கு வந்தன.

தினமும் சாயந்தரம் அவள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவாள். அருள்பிரகாசம் வெளியே வருவார். வண்டியைத் துடைப்பார், காற்று பார்ப்பார், பின் கதவைத் திறந்து எதையோ பார்ப்பார். மாமனார் தன் வண்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிறாரே என்று அவள் எத்தனை நாள் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறாள். அந்தக் கைதான். கடலுக்கு ஒரு சுற்று.

அவள் முகம் மாறியதைக் கார்குழலி பார்த்துவிட்டாள். யார் என்று கேட்கவில்லை. அந்த ஆளை வரச் சொல் என்று மட்டும் சொன்னாள். அது அவளுடைய பட்டறைச் சட்டம். மரை போன வண்டி வந்தால், இறுக்கிய கை எதிரில் இல்லாமல் அவள் வேலையில் கை வைக்க மாட்டாள். மரையை மட்டும் சரி பண்ணிக் கையைச் சரி பண்ணாமல் அனுப்பினால் அடுத்த மாதம் அதே வண்டி திரும்ப வந்து நிற்குமாம்.

ஜானட் தயங்கினாள். அந்த வீட்டில் அவளுக்காகப் பேசிய ஒரே மனிதர் அவர். அவரைக் கூப்பிட்டு வைத்து, இதைக் கெடுத்தது நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போன் போட்டாள்.

அருள்பிரகாசம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு துணிப்பையிலிருந்து பிளக் ஸ்பேனரையும், அதன் பிடியில் மாட்ட ஒரு முழ நீள இரும்புப் பைப்பையும் எடுத்து, உதவும் என்று கொண்டுவந்தேன் என்று பெருமையாக நீட்டினார். ஜானட் தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்குழலி சிரிக்கவில்லை. பைப்பைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். எங்கே வேலை பார்த்தீர்கள் நைனா என்று கேட்டாள். அவர் லாஷிங் என்றதும் உட்கார ஸ்டூல் போட்டாள். கம்பி எப்படிப் போடுவார்கள், திருகு எப்படி இறுகும், அலையில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உண்மையான ஆசையோடு கேட்டாள். அவர் கடலுக்கு ஒரு சுற்று பற்றிச் சொன்னபோது, அவள் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள். வேலை தெரிந்தவள் இன்னொரு வேலைக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை அது.

பிறகு ஓரத்தில் கிடந்த உடைசல் ஹெட் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு பிளக்கையும் கொடுத்து, எப்போதும் இறுக்குகிற மாதிரி இறுக்குங்கள் என்றாள்.

அவர் திருகினார். பைப்பை மாட்டினார். இறுகியது. வழக்கம்போல் இன்னொரு சுற்று கொடுத்தார். இரும்பு முறைத்துக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்த கைக்கு, உள்ளே ஏதோ வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுத்தது. பைப் சும்மா சுற்றியது. அவர் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

அவர் ஜானட்டைப் பார்த்தார். அந்தப் பெரிய உருவம் ஸ்டூலில் சுருங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. என் மேல் அக்கறையில்தானே செய்தீர்கள் மாமா என்று சொல்லி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஒங் கை தப்பு இல்ல, நைனா” என்றாள் கார்குழலி. “கப்பலுக்கு அந்தக் கைதான் வோணும். இது அலுமினியம். போதும்னு அது சொல்ற எடத்துல நீ வுட்டுடணும்.”

வேலை ஆரம்பித்தது. ஹெட்டைக் கழற்றாமலே மரை வெட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு துளி உலோகத் தூள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் கீறிப்போகும் என்று கார்குழலி சொன்னாள். எது வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே ஹெட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். சாயந்தரத்துக்குள் ஆகுமா என்று ஜானட் கேட்டதற்கு, ஆகாவிட்டாலும் இப்படித்தான் செய்வேன் என்று பதில் வந்தது. ஜானட் வெளியே நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அதே நேரம், தன் வண்டி சரியான கையில் வந்து சேர்ந்திருக்கிறது என்று ஒரு நிம்மதியும் வந்தது.

பழைய துளையைப் பெரிதாக்கி, டேப் என்ற மரை வெட்டும் கருவிக்குக் கிரீஸ் தடவி, உள்ளே இறக்கிப் புது மரை வெட்டினாள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, நிறுத்தித் துடைத்து, மறுபடி கொஞ்சம் முன்னே. அவசரம் அவள் தோளில்கூட இல்லை. ஒவ்வொரு தடவை பின்னே திருப்பும்போதும் வெள்ளிச் சுருள்கள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்தப் புது மரையில், உள்ளேயும் வெளியேயும் வரி வெட்டிய சின்ன எஃகு வளையம் ஒன்றைத் திருகி உட்கார வைத்தாள். அதற்குப் பெயர் புஷ். இனிமேல் பிளக் அலுமினியத்தைக் கடிக்காது, இந்த எஃகைத்தான் கடிக்கும், பழையதைவிட இது கெட்டி என்றாள். அருள்பிரகாசம் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டு, குழந்தைக்கு மொட்டையடிப்பதைப் பார்க்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நல்ல வேலையைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்கிற மனிதர் அவர். பாதியிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது.

ஹெட்டை மாட்டி முடித்ததும் புதுப் பிளக்கைக் கார்குழலி போடவில்லை. ஜானட்டின் கையில் கொடுத்தாள். விரலாலேயே கடைசி வரை திருக வேண்டும். வழுவழுவென்று இறங்கியது பிளக். அது உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, அவ்வளவுதான். பைப் கூடாது, சூட்டில் கூடாது. ஜானட் நிறுத்தினாள். அருள்பிரகாசத்தின் விரல்கள் தானாக மடங்கின. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எஞ்சின் சாவியின் ஒரே திருப்பில் எழுந்தது. காற்று கசிகிறதா என்று பிளக்கைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. கார்குழலி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். தன் வேலையைத் தானே ரசிக்கிறவர்களைப் பார்த்தால் சிலருக்குக் கோபம் வரும். ஜானட்டுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீடு வரும் வழியில் அருள்பிரகாசம் முதல் வேலையாக மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள் ஜானட். வண்டி நின்றது நின்றதுதான், இதில் உங்கள் பெயரையும் கெடுத்துக்கொள்வானேன் என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள்.

தெருவில் ஜெயவேல் ஏற்கெனவே வந்து காத்திருந்தான். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காதை வைத்துக் கேட்டான். பின் கதவைத் திறந்து பார்த்தான். வேலை சுத்தமாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, இப்போதே எடுத்துக்கொண்டு போகத் தயார் என்றான். ஜானட் சாவியைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினாள்.

சிலுவையம்மாள் சாவியை வாங்கவில்லை.

“எதுனால நின்னுச்சின்னு சொல்லு மொதல்ல.”

“என் தப்புதான், அத்த. பிளக்க நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன்.”

சிலுவையம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள். தையல் ஊசி பிடித்துப் பழகிய மெல்லிய கை அது. பிறகு முதுகுக்குப் பின்னால் கை கட்டி, தரையைப் பார்த்து நிற்கும் புருஷனைப் பார்த்தாள். உள்ளே போனாள். வரும்போது கையில் ஊறுகாய் பாட்டில் இருந்தது. காலையில் அவர் மூடி வைத்த அதே பாட்டில்.

“அப்டியா? இத தொற” என்று ஜானட்டிடம் கொடுத்தாள்.

ஜானட் திருகினாள். முந்தானையைச் சுற்றித் திருகினாள். மூடி அசையவில்லை. சிலுவையம்மாள் பாட்டிலை வாங்கி ஜெயவேலிடம் கொடுத்தாள். வண்டி வாங்க வந்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். கடைசியில் பாட்டில் அருள்பிரகாசத்தின் கைக்கு வந்தது. அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்காமல், ஒரே திருகில் திறந்தார்.

“இந்த வூட்ல இறுக்குற கை ஒண்ணுதான் கீது” என்றாள் சிலுவையம்மாள். “கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்தக் கையோட பேஜார் புட்ச்சிகினு கீறேன். எனக்குத் தெரியாதா? வண்டி நின்னா விக்கணும்னுதான் சொன்னேன். வண்டி தானா நிக்கல, இவரு நிறுத்திகீறாரு. விக்கிறதா இருந்தா இவரத்தான் விக்கணும்.”

ஜெயவேல் சிரித்தே விட்டான். அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். அருள்பிரகாசம் திறந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் வாசலிலேயே நின்றார். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்த்தாயே மகளே என்று ஜானட்டிடம் சொன்னார். மூடியை எடுத்து மெல்ல வைத்து, இரண்டே விரலால் திருகி, பாதியிலேயே விட்டார். சிலுவையம்மாள் அதையும் பார்த்தாள். உள்ளே போய்த் தூக்குவாளியை எடுத்து வந்தாள்.

“மீன் கொழம்பு சாயந்தரந்தான் ருசி. எட்றி வண்டிய, எண்ணூருக்கு. என் தங்கச்சி காலைலேர்ந்து காத்துகினு கீறா.”

திருவொற்றியூர் வந்ததும் ஜானட் வண்டியை நிறுத்தினாள். ஸ்டாண்டில் காலையில் இருந்த டிரைவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். எந்த வாசலில் நின்று கத்தினாளோ அதே வாசலில் நின்று, அதே சத்தத்தில், சுஃபியான் பாய் கைமேல் தப்பே இல்லை, தப்பு தன் வாய் மேல்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சப்பட்டு, புஷ் போட்டாச்சா, பார்க்கலாமா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். நல்ல வேலை, ரொம்ப நல்ல வேலை என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு நாளில் இரண்டு நல்ல கைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதில் ஒன்று எத்தனையோ நாளாக என் எதிரிலேயே இருந்திருக்கிறது என்று ஜானட் நினைத்துக்கொண்டாள்.

அவள் சீட்டில் ஏறும்போது போன் சிணுங்கியது. சாவியோ குரல் செய்தி அனுப்பியிருந்தான். பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“ஜானட்டு, கப்பல் நம்ம எண்ணூர் போர்ட்டுக்கே வருது. வெள்ளிக்கெழம எறங்கிடுவேன். பொட்டி நெறைய கீது. போர்ட் கேட்டாண்ட நம்பிக்கையான ஆட்டோ ஒண்ணு சொல்லி வை.”

ஜானட் போனை மடியில் வைத்தாள்; அவன் திரும்பும் வரைதான் இந்த வண்டி என்பது உடன்படிக்கை. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். சிலுவையம்மாள் தூக்குவாளியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, முன் கம்பியைப் பிடிக்காமல், சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கீதுன்னு சொல்லு” என்றாள். “டிரைவர் யாருன்னு மட்டும் இப்ப சொல்லாத. அவன் வந்து ஒக்காரட்டும்.”